ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சீக்கிரம் கைவிட்டார்களா? நெஞ்சை எவ்வளவு நேரம் அழுத்துவது?

புதிதாகப் படிப்பவர்களுக்காகத் தம்பி கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 53 வயது, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டத்தில் குலை அறுப்பவர். ஞாயிறு காலை, பெரட்டு (காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுவது) இல்லாத நாள், லயத்து (தொழிலாளர் வரிசைவீட்டு) வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மயக்கம் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்து, நெஞ்சில் தைலம் தேய்த்து, அப்புறம்தான் 999க்கு அடித்தார்கள். போனில் சொல்லச் சொல்ல மச்சான் நெஞ்சை அழுத்தினார். அதற்குள் எட்டுப் பத்து நிமிடம் போயிருக்கும். ஆம்புலன்ஸ் தோட்டத்துச் சாலையில் வந்து சேர அரைமணி நேரம். வந்தவர்கள் தரையிலேயே வைத்து இருபது நிமிடத்துக்கு மேல் பார்த்தார்கள், இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் கடைசிவரை நேர்க்கோடு, நெஞ்சில் கரண்ட் (மின்னதிர்ச்சி) ஒரு தடவைகூட வைக்கவில்லை. ஒருவர் போனில் யாரிடமோ பேசினார், நிறுத்திவிட்டார்கள். இப்போது கருமாதி வீட்டில் ஆளுக்கு ஒரு பேச்சு: "ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடியிருந்தால் பிழைத்திருப்பார்", "வெளிநாட்டில் ஒன்றரை மணி நேரம் அழுத்திப் பிழைக்க வைத்திருக்கிறான்".

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இல்லை தம்பி, அவர்கள் சீக்கிரம் கைவிடவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும். நான் அவசரப் பிரிவிலும் ஆம்புலன்ஸிலும் எச்.ஏ.வாக (ஹாஸ்பிட்டல் அசிஸ்டெண்ட்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது அந்தப் பதவிக்கு உதவி மருத்துவ அதிகாரி என்று பேர், ஆனால் தோட்டத்துப் பெரியவர்களுக்கு நான் இன்னும் பழைய பேரில் டிரெசர்தான்.

எத்தனை நிமிடம் என்று எல்லோருக்கும் பொதுவாக ஓர் எண் கிடையாது. "யாராயிருந்தாலும் இத்தனையாவது நிமிடத்தில் கையை எடு" என்று எழுதிய வழிகாட்டியை நான் பார்த்ததில்லை. அழுத்துகிறவர் யார், இதயம் எந்த நிலையில் நிற்கிறது, எதனால் நின்றது, அழுத்தத் தொடங்குமுன் எவ்வளவு நேரம் சும்மா போனது, இந்த நாலையும் வைத்துத்தான் முடிவு. இதில் முதலாவதிலேயே நம் ஆட்கள் குழம்பிவிடுகிறார்கள். வீட்டுக்காரர்களுக்கு ஒரு கணக்கு, ஆம்புலன்ஸ்காரர்களுக்கு வேறு கணக்கு.

வீட்டில் இருப்பவருக்கு நிறுத்தும் நேரம் என்று ஒன்று இல்லவே இல்லை. ஆள் அசைந்தால், கண் திறந்தால், சரியாக மூச்சு விட்டால் நிறுத்தலாம். ஆம்புலன்ஸ் வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டால் நிறுத்தலாம். உங்களுக்கே ஆபத்து என்றால், அல்லது உடம்பு இனி ஒத்துழைக்காது என்றால் நிறுத்தலாம். அவ்வளவுதான். பதினைந்து நிமிடம் ஆயிற்று, இனி என்ன என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டியதில்லை, அந்தப் பாரத்தை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளவும் கூடாது. ஏனென்றால் உள்ளே இதயம் என்ன செய்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. நேர்க்கோடாக இருக்கலாம், அல்லது துடிப்பில்லாமல் நடுங்கிக்கொண்டிருக்கலாம், அப்படி நடுங்குகிற இதயத்துக்குக் கரண்ட் வைத்தால் திரும்ப வாய்ப்பு உண்டு. பார்க்க இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் கிடப்பார்கள்.

மச்சான் அரைமணி நேரம் விடாமல் அழுத்தினார் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய காரியம். ஆனால் அடுத்தவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. லயத்தில் ஒருவர் விழுந்தால் சுற்றி இருபது பேர் நிற்பார்கள், அழுத்துகிறவர் மட்டும் ஒருவராகவே இருப்பார். வேண்டாம். எவ்வளவு பலசாலியானாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் அழுத்தத்தின் ஆழம் குறைந்துவிடும், குறைவது அவருக்கே தெரியாது. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். மெத்தையில் இல்லாமல் தரையில் கிடத்தி, நெஞ்சின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில், 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலே வர விட்டு. விலா எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்கும், கேட்டாலும் நிறுத்தக்கூடாது. இடையில் நிறுத்தி நிறுத்தி நாடி பார்ப்பதுதான் பெரிய கெடுதல். பழைய கைபம்பில் அடிப்பதை விட்டுவிட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும், மறுபடி சும்மா நாலைந்து அடி அடித்தால்தான் ஏறும் இல்லையா, இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய்களில் அழுத்தமும் அப்படித்தான், கையை எடுத்த சில விநாடியில் விழுந்துவிடும், திரும்ப ஏற நேரம் பிடிக்கும்.

இப்படி நன்றாக அழுத்தினாலும் இதயம் இயல்பாகத் தள்ளும் இரத்தத்தில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் ஓடும். மூளை அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், காலத்துக்கும் அல்ல. அழுத்தவே இல்லையென்றால் நாலைந்து நிமிடத்திலேயே மூளை கெடத் தொடங்கிவிடும், கரண்ட் வைத்துக் காப்பாற்றக்கூடிய இதயமாக இருந்தாலும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதம் போய்க்கொண்டே இருக்கும். அதனால், மன்னியுங்கள், உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: ஆம்புலன்ஸ்காரர்கள் கடைசியில் இன்னும் இருபது நிமிடம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைவிட, முதல் எட்டு நிமிடம்தான் முடிவைப் பெரிதும் தீர்மானித்திருக்கும். இது யார் குற்றமும் இல்லை. திடீரென்று சரிகிறவரைப் பார்த்தால் யாருக்கும் மயக்கம் என்றுதான் தோன்றும். இன்னொன்றும் நடந்திருக்கும், நீங்கள் எழுதவில்லை ஆனால் பெரும்பாலும் நடக்கும்: வாயைப் பிளந்து பிளந்து மூச்சை இழுத்திருப்பார். அதைப் பார்த்ததும் நம் வீடுகளில் "உயிர் இழுத்துக்கிட்டிருக்கு, வாயில் பால் ஊத்துங்க" என்பார்கள். மாசக்கணக்கில் படுக்கையில் கிடந்த பாட்டிக்கு அது சரி. நின்றுகொண்டிருந்தவர் விழுந்து அப்படி இழுத்தால் அது மூச்சே அல்ல, இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தம். மூளை இன்னும் முழுதாக அணையவில்லை என்பதற்கும் அதுதான் அடையாளம். பாலும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், அந்த நொடியே அழுத்தத் தொடங்க வேண்டும்.

சரி, ஆம்புலன்ஸ்காரர்கள் கணக்குக்கு வருவோம்.

அவர்கள் வந்ததும் முதலில் பார்ப்பது திரையில் இதயம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை. கரண்டுக்கு வேலை செய்யும் நடுக்கமாக இருந்தால், அது அப்படியே இருக்கும்வரை விடமாட்டார்கள், விடக்கூடாது. நேர்க்கோடு என்றால் கதை வேறு. நேர்க்கோட்டுக்குக் கரண்ட் வைத்துப் பயனில்லை, படத்தில்தான் வைப்பார்கள். உங்கள் மாமா "கரண்டே வைக்கலை, அலட்சியம்" என்று திட்டினாராம், அலட்சியம் இல்லை, வைக்காததுதான் சரி. ஊசி மருந்தும் அழுத்தமும் காற்றும் கொடுத்து, முழுச் சிகிச்சை நடந்தும் 20 நிமிடத்துக்கு மேல் நேர்க்கோடாகவே இருந்து, சரிசெய்யக்கூடிய காரணம் எதுவும் கண்ணில் படவில்லை என்றால் நிறுத்தலாம் என்பது ஐரோப்பிய வழிகாட்டிகளில் பல வருடமாக இருக்கும் நடைமுறை.

இதற்குப் பின்னால் ஆராய்ச்சியும் இருக்கிறது. கனடாவின் ஒண்டாரியோவில் 1,240 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. மூன்று கேள்விகள்தான்: ஆம்புலன்ஸ் ஊழியர் கண்முன் இதயம் நின்றதா? அந்த இடத்தில் நாடி ஒரு தடவையாவது திரும்பியதா? ஒரு தடவையாவது கரண்ட் வைக்க வேண்டி வந்ததா? மூன்றுக்கும் இல்லை என்றால் நிறுத்தலாம் என்பது விதி. அந்த விதி நிறுத்தச் சொன்ன 776 பேரில் பிழைத்தவர்கள் 4 பேர். உங்கள் அப்பாவுக்கு மூன்றுக்கும் பதில் இல்லைதான். இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவதில்லை, பொதுவாக ஒரு மருத்துவரிடம் பேசிய பிறகே முடிவெடுப்பார்கள். அவர் போனில் பேசியது பெரும்பாலும் அதற்காகத்தான் இருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் 20 நிமிடத்தைக் கல்லில் செதுக்கியதாக எடுத்துக்கொள்வீர்கள். ஜப்பானில் நாடு முழுக்க, மருத்துவமனைக்கு வருமுன்பே நாடி திரும்பிய 17 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்து 2016இல் ஒரு கட்டுரை வந்தது. அவர்களில் மூளை கெடாமல் பிழைத்தவர்களில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, ஆம்புலன்ஸ் ஊழியர் கைவைத்த 35 நிமிடத்துக்குள் நாடி திரும்பியிருந்தது. அதாவது பதினைந்து நிமிடத்தில் எல்லோரையும் விட்டுவிட்டால் சிலரை இழந்துவிடுவோம், ஆனால் 35க்கு மேல் போய்ப் பிழைப்பவர் மிக மிக அபூர்வம். மருத்துவமனைக்குள் இதயம் நின்றவர்களைப் பற்றி 2012இல் அமெரிக்காவில் 64 ஆயிரம் பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது, அதில் வழக்கமாக அதிக நேரம் முயலும் மருத்துவமனைகளில் பிழைத்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தார்கள். அதனால் இளம் வயது, கண்முன் விழுந்தவர், உடனே அழுத்தியது, திரையில் நடுக்கம், இப்படி இருந்தால் நான் கடிகாரத்தையே பார்க்கமாட்டேன்.

சொந்தக்காரர்கள் சொன்ன அந்த ஒன்றரை மணி நேரக் கதை நிஜம்தான். 2011 ஜனவரியில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் குட்ஹியூ என்ற சின்ன ஊரில், மளிகைக் கடை வாசலில் விழுந்த 54 வயதுக்காரருக்கு ஊர்த் தொண்டர்கள் வரிசையில் நின்று மாறி மாறி அழுத்தி, 96 நிமிடம் நாடி இல்லாமல் இருந்து பிழைத்தார். ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். விழுந்த உடனேயே அழுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவருக்கு நேர்க்கோடு இல்லை, நடுக்கம். அதோடு வெளிவிடும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று அளக்கும் கருவியை மாட்டியிருந்தார்கள், அந்த எண் நன்றாக இருந்தது, அதாவது இரத்தம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்துதான் தொடர்ந்தார்கள். இதே கருவிதான் எதிர்ப்பக்கமும் சொல்லும். 1997இல் வந்த ஓர் ஆய்வில், திரையில் மின்னோட்டம் இருந்தும் நாடி இல்லாத 150 பேரில், 20 நிமிடத்தில் அந்த எண் 10க்கு (மி.மீ. பாதரச அளவில்) மேல் ஏறாதவர்களில் ஒருவர்கூட மருத்துவமனைக்கு உயிரோடு வந்து சேரவில்லை.

ஈப்போ விஷயம். ஹைலக்ஸ் பிக்கப்பிலோ வேனிலோ தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடுவது நம் ஊர்ப் பழக்கம், கையைக் கட்டிக்கொண்டு நிற்க மனசு வராது. ஆனால் ஓடுகிற வண்டியில், அதுவும் செம்மண் சாலைக் குழியில், நெஞ்சை ஒழுங்காக அழுத்தவே முடியாது. பின்சீட்டில் மடியில் தலையை வைத்துக்கொண்டு போகிறவர்கள் அழுத்துவதே இல்லை. வட அமெரிக்காவில் 43,969 பேரின் பதிவுகளை ஒப்பிட்டு 2020இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே மாதிரி நிலையில் இருந்தவர்களில், அழுத்திக்கொண்டே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனவர்களில் 4 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள், விழுந்த இடத்திலேயே தொடர்ந்து பார்க்கப்பட்டவர்களில் 8.5 சதவீதம். இத்தனைக்கும் அது நல்ல ஆம்புலன்ஸ், நல்ல ரோடு. ஆம்புலன்ஸில் இருக்கும் கரண்ட், மருந்து, காற்று இவற்றைத் தாண்டி அவசரப் பிரிவில் பெரும்பாலானவர்களுக்குப் புதிதாகக் கொடுக்க ஒன்றும் இல்லை. இதயத்துக்கு வெளியே இயந்திரத்தில் இரத்தத்தை ஓடவிடும் சிகிச்சை ஒன்று உண்டு, அதைச் செய்யும் பெரிய மையங்களே குறைவு, ஒரு மணி நேரத்துக்குள் அங்கே படுத்திருக்க வேண்டும். தோட்டத்து லயத்திலிருந்து அது நடக்கிற காரியமா?

இனி, நம் பக்கத்தில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாத ஆட்கள் சிலர் உண்டு. தோட்டத்தில் இருப்பவர்கள் இதைத்தான் நன்றாகப் படிக்க வேண்டும் என்பேன்.

பாம்புக்கடி. நாகமோ ராஜநாகமோ கட்டுவிரியன் வகையோ கடித்தால் விஷம் முதலில் தசைகளை வேலை செய்யவிடாது. இமை தொங்கும், பேச்சு நிற்கும், கண்பாவை விரிந்து அசையாமல் நிற்கும், மூச்சு நிற்கும். பார்த்தால் பிணம்தான். ஆனால் இதயம் ஓடிக்கொண்டிருக்கலாம், சுற்றி நிற்பவர்கள் "முடிஞ்சுபோச்சு" என்று சொல்வது அவர் காதில்கூட விழலாம். மூச்சுக்காற்றை மட்டும் வெளியிலிருந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் விஷமுறிவு மருந்து கிடைக்கும்வரை, விஷம் இறங்கும்வரை இழுத்துக்கொண்டு போகலாம், மணிக்கணக்கில் என்ன, நாள்கணக்கில். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லவே கூடாத கேஸ் இது.

மின்னல். திறந்த வெளியில் நாலைந்து பேருக்கு ஒன்றாக அடித்தால், கத்துகிறவரை விட்டுவிட்டு அசையாமல் கிடப்பவரிடம் முதலில் ஓட வேண்டும். மின்னலில் நின்ற இதயம் பல நேரம் தானாகவே ஓடத் தொடங்கிவிடும், மூச்சை நடத்தும் மூளைப் பகுதி எழுந்துகொள்ளத்தான் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் காற்று கொடுக்க ஆள் இல்லையென்றால் இதயம் இரண்டாவது தடவை நிற்கும். குலை அறுக்க அலுமினியக் கம்பில் கட்டிய அரிவாள் மின்கம்பியில் பட்டு விழுகிறவர்களுக்கும் நன்றாகப் பலன் கிடைக்கும், இளவட்டம், நல்ல இதயம், பெரும்பாலும் நடுக்கம்தான். ஆனால் கம்பியில் மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும்வரை கிட்டவே போகாதீர்கள், இல்லையென்றால் இரண்டு பேராகிவிடும்.

டயாலிசிஸ் செய்கிறவர் ஒரு தடவை போகாமல் விட்டு விழுந்தால், ஆம்புலன்ஸ்காரரிடம் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி நின்ற இதயத்துக்குக் கொடுக்கும் மருந்தே வேறு, நேரமும் கூடுதலாகப் போகும். பூச்சிமருந்து குடித்தவருக்கும் அப்படித்தான், போத்தலையும் கையோடு காட்டுங்கள்.

தண்ணீரில் மூழ்கினவர்களுக்கு முதலில் காற்று, 5 தடவை ஊதிவிட்டு அப்புறம் அழுத்தம். நார்வேயில் 1999இல் பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் சிக்கி உடல் வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கிய ஒரு பெண் பிழைத்தார், அதை எடுத்துக்காட்டி நம் ஈயக்குட்டையில் (ஈயம் தோண்டிய பழைய குளத்தில்) ஒரு மணி நேரம் மூழ்கிய பையனுக்கும் நம்பிக்கை கொடுப்பார்கள் சிலர். அங்கே மூளை நிற்குமுன் உடம்பு குளிர்ந்துவிட்டது. பேராக்கில் எந்தக் குட்டையும் அவ்வளவு குளிராது.

தொடங்கவே கூடாத இடமும் உண்டு. உடம்பு விறைத்து, கீழ்ப்பக்கம் இரத்தம் கட்டி நிறம் மாறியிருந்தால் அழுத்தி உடம்பை வதைக்க வேண்டாம். முற்றிய புற்றுநோயில், டாக்டரும் குடும்பமும் பேசி முடிவு செய்து வீட்டுக்குக் கூட்டி வந்தவருக்கும் வேண்டாம். அவருக்குத்தான் நான் முன்னே சொன்ன பால்.

இன்னொரு பேச்சு, "நிறுத்தின பிறகு நெஞ்சு அசைந்தது, நாங்கள் பார்த்தோம்". நிறுத்திய பின் தானாக நாடி திரும்பிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன, 1982இலிருந்தே, ஆனால் மிகக் கொஞ்சம், பெரும்பாலும் முதல் 10 நிமிடத்துக்குள். அதனால்தான் நிறுத்தியதும் வயரைக் கழற்றாமல் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உங்கள் வீட்டிலும் "ஏன் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள்" என்று கேட்டீர்கள், அதுதான் காரணமாக இருக்கும். அதற்குப் பிறகு தெரியும் அசைவு பெரும்பாலும் உள்ளே நின்ற காற்று வெளியேறுவது.

தானாக அழுத்தும் இயந்திரம் இருந்திருந்தால்? 2014, 2015 இரண்டிலும் பெரிய ஆய்வுகள் வந்தன, கையால் அழுத்தினவர்களைவிட அதில் அதிகம் பேர் பிழைக்கவில்லை. ஆள் பற்றாத இடத்திலும் வண்டியில் கொண்டுபோகும்போதும் உதவும், அவ்வளவே.

கடைசியாக உங்களுக்கும் தங்கச்சிக்கும். பிரேதப் பரிசோதனை செய்யவில்லை என்கிறீர்கள், அதனால் காரணத்தை அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் 53 வயதில் இப்படித் திடீரென்று விழுவதற்கு இதய இரத்தக்குழாய் அடைப்புதான் முதல் சந்தேகம். அப்பாவுக்கு 55க்குள் இதயநோய் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல் என்று கணக்கில் எடுப்பார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) இரண்டு பேரும் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்த்து ஒரு ஈசிஜியும் எடுத்துக்கொள்ளுங்கள், அப்பா எந்த வயதில் எப்படி விழுந்தார் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சிகரெட் பிடிக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால் விட்டுவிடுங்கள்.